இரண்டாவது பிரேக்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அண்ணனுக்கும் தங்கைக்கும் போர்க்களம். முதுகோடு முதுகாக இரண்டு மேசைகள், இரண்டு கணினிகள், இரண்டு ஹெட்போன்கள். சுவர் முழுக்கச் சாலைச் சின்னங்களின் படம். அண்ணன் காரில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவன். தங்கை அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள், படிவம் நிரப்புகிறவள், யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று குறித்து வைக்கிறவள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது. அவன் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறான்.

அண்ணனின் பொறுமையைப் பற்றிக் கேட்டால் அவனிடம் கற்றுக்கொண்ட அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நாற்சந்தியில் வண்டி நின்றுபோய் அழுகிறவர்களிடம்கூட, "அவசரம் இல்லம்மா, நான் இருக்கேன், மெதுவா சாவியைத் திருப்புங்க" என்பான். அவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறதென்றால், பயிற்சிக் காரில் அவன் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் எதை எதையோ மிதிப்பார். அண்ணன் சத்தமில்லாமல் தன் காலை அழுத்துவான். வண்டி நிற்கும். "சார், நானே நிறுத்திட்டேன்!" என்று அவர் பூரித்துப்போவார். "நிறுத்தினது யாருன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது பாப்பா" என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஹெட்போனை மாட்டியதும் என்ன பேய் பிடிக்கிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை.

"எத்தனை தடவைய்யா சொல்றது? காது இருக்கா இல்லையா? வீடியோ பார்த்துட்டு வரச் சொன்னேனே, பார்த்தீங்களா, இல்ல படுத்துத் தூங்கிட்டீங்களா?"

இந்த அர்ச்சனை கரண்டிக்கு. கரண்டி என்பது அவருடைய பட்டப்பெயர். அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டில் அவர் தூக்கிக்கொண்டு வரும் சுத்தியல் பார்ப்பதற்குக் கரண்டி மாதிரி இருக்கிறதென்று கூட்டத்தின் வாயாடிப் பெண் சுண்டெலி வைத்த பெயர். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஐம்பது தாண்டியவர். லிஃப்ட் பழுது பார்ப்பது வேலை. ஒரு மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சின்னச் சண்டையில் தங்கையோடு சேர்ந்து ஆடியவர், முடிந்ததும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியாக நன்றி சொன்னார். விளையாட்டில் நன்றி சொல்கிற ஆளை அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதற்காகவே அவரைக் கூட்டத்தில் சேர்த்தாள்.

"நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள தனியாத்தான் வேலைம்மா. இங்க வந்தா நாலு பேர் குரல் கேக்குது" என்று ஒரு தடவை சொன்னார்.

அவர்கள் ஏறிக்கொண்டிருந்தது மணிக்கூண்டு. ஆறு பேர் சேர்ந்தால்தான் கதவே திறக்கும். உச்சியில் மணிக்காரன் என்று ஒரு ராட்சதன். அவன் மூன்று முறை மணி அடிப்பான். முதல் மணிக்குக் கல் விழும், ஓட வேண்டும். இரண்டாவது மணிக்கு நெருப்பு வரும், விலக வேண்டும். மூன்றாவது மணிக்குத் தரையில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நீல வட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் நின்றால் வட்டம் வெடித்து ஆறு பேரும் காலி. சொல்வதற்கு அரை நிமிஷம், பழகுவதற்கு அரை மாதம்.

ராட்சதனை மறித்துப் பிடிப்பது பாறை என்கிற ஆள். வலது வட்டம் சுண்டெலிக்கும், வாயே திறக்காமல் எழுத்தில் மட்டும் பதில் சொல்லும் பேசாமடந்தைக்கும். இடது வட்டம் அண்ணனுக்கும், ஆறாவதாக யார் வருகிறார்களோ அவருக்கும். தங்கை காயம் ஆற்றுகிறவள். கூட்டத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அவளிடம் ஒரு கவசம் இருக்கிறது. யார் மேல் போட்டாலும் அந்த நேரத்தில் இடி விழுந்தாலும் அவர் சாகமாட்டார், அவர் நிற்கும் இடத்தில் எதுவும் வெடிக்காது. ஆனால் ஒரு தடவை போட்டால் மறுபடி கைக்கு வர மூன்று நிமிஷம் ஆகும்.

அன்று மாலை ஆறு மணியோடு மணிக்கூண்டை மூடுகிறார்கள். மணிக்காரனை வீழ்த்தியவர்கள் மட்டும்தான் திங்கட்கிழமை திறக்கும் அடுத்த கோட்டைக்குள் போக முடியும். மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே வீழ்த்தியவர்கள். கரண்டிக்கு இது கடைசி நாள். இன்று முடிக்காவிட்டால் அந்த நான்கு குரல்களும் அவருக்கு இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன் சார், கவலைப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தவள் தங்கை.

போதாக்குறைக்கு அண்ணன் போட்ட சட்டங்கள் வேறு இருந்தன. ஒரே ஆளால் கூட்டம் மூன்று முறை விழுந்தால் அந்த ஆளை வெளியே அனுப்ப ஓட்டெடுப்பு. இரண்டு முறை விழுந்தாகிவிட்டது. இரண்டு முறையும் இடது வட்டம்தான் வெடித்தது. விழுந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் கரண்டி.

"மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார் கரண்டி. "திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. முதல் மணி, ஓட்டம். ரெண்டாவது மணி, விலகல். மூணாவது மணி, இடது வட்டம். சரிங்களா?"

இது அவருடைய பழக்கம். லிஃப்ட் வேலையில் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே இருப்பவர் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள். பிசகினால் விரல் போகும், சில சமயம் ஆளே போய்விடுவார். அண்ணனுக்கோ இந்தத் திருப்பிச் சொல்லல் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல.

"ஒப்பிக்கிறதுக்கு இது என்ன ஸ்கூலா? செஞ்சு காட்டுங்க சார்!"

"சரிங்க தம்பி. ஒரே ஒரு சந்தேகம். இடது வட்டத்துல ரெண்டு பேர் நிக்கணும்னு சொன்னீங்க. நான் நின்னேன். என்கூட நிக்க வேண்டிய இன்னொருத்தர் யாரு?"

அண்ணன் மைக்கை வாயருகே இழுத்தான்.

"சட்டம் நாலு!" என்று சீறினான் அண்ணன். "ஆட்டத்துக்கு நடுவுல கேள்வி கிடையாது!"

கேள்வி கேட்காதவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று காலையில்தான் ஒரு காலேஜ் பெண்ணுக்கு இதே வாய் உபதேசம் செய்திருந்தது. தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக, வீட்டில் குழந்தை அழுகிறது, பத்து நிமிஷம் கொடுங்கள் என்று பாறை கேட்டான். அண்ணன் டீ போட உள்ளே போனான். தங்கை முந்தைய ஆட்டத்தின் பதிவைத் திறந்தாள்.

அவளாகத் தேடிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விதான் அவளைப் பார்க்க வைத்தது. ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது.

மூன்றாவது மணி. இடது வட்டத்தின் நட்ட நடுவில், ஆணி அடித்தது போலக் கரண்டி. அண்ணன் எங்கே? வட்டத்தின் ஓரத்தில்கூட இல்லை. ராட்சதனின் காலடியில் நின்று வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வட்டத்துக்கு ஓடினால் நான்கு வெட்டு குறையும், யார் அதிகம் வெட்டினார்கள் என்ற கணக்கில் பெயர் ஒருபடி இறங்கும். அதற்காக ஐயா நகரவில்லை. வட்டம் வெடித்தது. உள்ளே நின்றவர் முதலில் செத்தார், அதனால் அவர் பெயர் பட்டியலில் முதலில். நிற்காதவன் அரை நொடி தள்ளிச் செத்தான், அதனால் அவன் பெயர் கடைசியில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். போன மாதம், அதற்கு முந்தைய மாதம். வெற்றி பெற்ற ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அதே கதை. இடது வட்டத்தில் ஒரே ஓர் ஆள், ராட்சதனின் காலடியில் அண்ணன். ஆனால் வட்டம் வெடிக்கவில்லை. ஏனென்றால் சரியாக அந்த நொடியில் வட்டத்தில் நின்றவர் மேல் ஒரு வெள்ளைக் கவசம் வந்து விழுகிறது. போட்டது டாக்டரம்மா. அவளேதான்.

எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கு நினைவில்லை. என்றோ ஒரு நாள் அண்ணன் மறந்திருப்பான், அவள் பதறிப்போய்க் கவசத்தைப் போட்டிருப்பாள், பிழைத்திருப்பார்கள். அடுத்த வாரமும் போட்டிருப்பாள். மூன்றாவது மணி என்றால் இடது வட்டத்துக்குக் கவசம் என்று விரல் பழகிப்போனது. ஏன் என்று மனசு ஒரு தடவைகூட விரலைக் கேட்கவில்லை. தான்தான் வண்டியை ஓட்டுகிறோம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு வருஷமாக இரண்டாவது பிரேக்கில் கால் வைத்திருந்தவள் அவள்.

புதியவர்கள் வந்தால் மட்டும் ஏன் வெடிக்கிறது? அதையும் பார்த்தாள். இரண்டாவது மணிக்கு நெருப்பு வரும்போது கரண்டி தடுமாறினார். ஐயோ பாவம் என்று கவசத்தை அப்போதே அவர் மேல் போட்டுவிட்டாள். மூன்றாவது மணிக்குக் கையில் கவசம் இல்லை. அவள் காட்டிய இரக்கமே அவருக்கு வினையாக முடிந்திருக்கிறது.

கரண்டிக்கு முன்னால் இந்த வருஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். நர்சிங் படிக்கிற ஒரு பெண், ஒரு தையல்காரர், வெளிச்சம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தி. மூன்று பேரும் இடது வட்டம். மூன்று பேரையும் 'நிக்கத் தெரியல' என்று சொல்லி ஓட்டெடுத்து அனுப்பினார்கள். மூன்று ஓட்டிலும் அவள் 'சரி' என்றுதான் அழுத்தியிருந்தாள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அண்ணன் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது, அதனால் அது இரண்டு மடங்கானது.

அண்ணன் இரண்டு டம்ளரோடு வந்தான்.

"அண்ணா, மூணாவது மணிக்கு நீ எங்க நிக்கிற?"

"வட்டத்துல."

"வட்டத்துல இல்ல. இங்க வந்து பாரு."

"பக்கத்துல நின்னாப் போதும் பாப்பா. ஒரு வருஷமா நிக்கிறேன், பழகினவங்க வந்தா ஒரு நாளாவது வெடிச்சிருக்கா? இவரை மாதிரி புதுசா யாராவது வந்தாத்தான் வெடிக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ அவருக்கு வக்காலத்து வாங்காத."

"வெடிக்காததுக்கு நான் போடற கவசம்தான் காரணம். ஒரு வருஷமா உன் இடத்துல நின்னது என் கவசம். நீ பத்து நொடி இந்தப் பதிவைப் பாரு."

"எனக்கு நேரம் இல்ல. ஆறு மணிக்கு ஒரு அம்மா புதுசா கிளாஸுக்கு வர்றாங்க, அதுக்குள்ள முடிக்கணும்."

"சரி. இனிமே இடது வட்டத்துக்குக் கவசம் கிடையாது. ரெண்டு பேரும் நின்னா அது தேவையே இல்ல."

"போடாத போ. யாரு கேட்டா உன் கவசத்தை?" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

மறுபடி ஏறினார்கள். முதல் மணிக்கு எல்லோரும் ஓடினார்கள். இரண்டாவது மணிக்குக் கரண்டி, "விலகல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இந்த முறை தடுமாறாமல் விலகினார். அவளுக்கு அந்தச் சின்ன விஷயத்தில்கூடச் சந்தோஷம் வந்தது. மூன்றாவது மணி. "இடது வட்டம், நின்னாச்சு" என்றார் கரண்டி. அவளிடம் கவசம் இருந்தது. விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. அவள் கையை மேசையிலிருந்தே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வட்டம் வெடித்தது. ஆறு பேரும் தரையில். பட்டியலில் முதல் பெயர் கரண்டி.

"மூணு!" என்று கத்தினான் அண்ணன். "மூணு ஆச்சு! இதுக்கு மேல என்னால முடியாது. ஓட்டு போடறேன்!" திரையில் கரண்டியின் பெயரோடு கட்டம் வந்து நின்றது. கத்திய வேகம் அடங்காமல் பின்பக்கம் திரும்பினான். மைக் வாயருகில் அப்படியே இருந்தது.

"நீ ஏன் கவசம் போடல? எப்பவும் போடுவியே!"

அது ஐந்து பேர் காதிலும் விழுந்தது.

பிறகு பேசாமடந்தை ஒரே ஒரு வரி எழுதினாள். 'ரெண்டு பேர் நின்னா எதுக்குக் கவசம்?'

"ஆமால்ல?" என்றாள் சுண்டெலி. "அண்ணே, நீங்க எங்க நின்னீங்க?"

தங்கை பேச ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அந்தக் கூட்டத்தில் அப்படி உயர்ந்ததில்லை.

"நான் சொல்றேன். இந்த ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட இவரு வட்டத்துக்குள்ள நின்னதில்ல. என் கவசம்தான் நின்னுச்சு. அது இல்லாத அன்னிக்கெல்லாம் புதுசா வந்தவங்க தலையில பழி. மூணு பேரை அனுப்பினோமே, அந்த மூணு பேரும் சொன்ன இடத்துல சொன்னபடி நின்னவங்க. நின்னவங்களை நிக்கத் தெரியாதவங்கன்னு சொல்லித் துரத்தினோம். நானும் கை தூக்கினேன். கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற! கேட்டா குட்டு வெளிப்பட்டுடும்ல? கார்ல உக்காந்தா அவசரம் இல்லம்மா, நான் இருக்கேன்மா. இங்க வந்தா காது இருக்கா, கண்ணு இருக்கா. கத்துக்க வர்றவங்கன்னா அங்க மட்டும்தான் மனுஷங்களா?"

ஓட்டுக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று நான்கு பதில்கள் அடுத்தடுத்து விழுந்து கட்டம் மறைந்தது. அண்ணன் ஹெட்போனைக் கழற்றக் கை வைத்தான். அவனுக்கு முகம் கறுத்திருந்தது. எழுந்து போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள், ஆனால் ஆறாவது ஆள் இல்லாமல் கதவு திறக்காது, மணி ஐந்து.

அப்போது கரண்டி பேசினார்.

"தம்பி, நான் வட்டத்துக்கு நடுவுல நின்னுட்டே இருப்பேன். என்னைப் பார்த்து வாங்க போதும். அவசரம் இல்ல."

அண்ணனின் கை ஹெட்போனிலேயே நின்றது. தினமும் எட்டு மணி நேரம் அவன் சொல்கிற வார்த்தை. அவனிடம் அதை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

மறுபடி ஏறினார்கள். மூன்றாவது மணிக்கு அண்ணன் வட்டத்துக்கு ஓடினான். பழகாத கால், தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். வெடித்தது. அடுத்த முறை முன்னதாகவே ஓடி, வேகத்தில் வட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். வெடித்தது. அதற்கடுத்த முறை பதற்றத்தில் வலது வட்டத்துக்கு ஓடினான்.

"இடம், வலம்கூடத் தெரியலையே அண்ணே! மூணு ஆச்சு" என்றாள் சுண்டெலி. "சட்டப்படி ஓட்டெடுப்பு வைக்கலாமா?"

"எதுக்கும்மா?" என்றார் கரண்டி, உண்மையாகவே புரியாமல். "கத்துக்கிட்டுத்தானே இருக்காரு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதனால்தான் தங்கைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இரண்டு மணி நேரம் ஏச்சு வாங்கிய மனுஷன், அந்த ஏச்சில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பித் தரவில்லை.

ஐந்து நாற்பதுக்கு மணிக்காரன் விழுந்தான். மூன்றாவது மணியின்போது இடது வட்டத்தில் இரண்டு பேர் நின்றார்கள். கவசம் கடைசி வரை அவள் கையிலேயே இருந்தது. கரண்டி ஐந்து பேருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். "தம்பி, உங்களுக்கு ரொம்ப நன்றி" என்று அண்ணனுக்குக் கடைசியில் சொன்னார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சோம்பல் முறித்தான். "பார்த்தியா பாப்பா, எப்படியோ கரண்டியைத் தேத்திட்டோம்!"

அவள் வாயைத் திறந்திருந்தால் டீ டம்ளர் பறந்திருக்கும். மூன்று பேருடைய பெயர்களையும் தேடினாள். நர்சிங் படித்த பெண்ணின் கணக்கு மூடப்பட்டிருந்தது. வெளிச்சம் ஏழு மாதமாக உள்ளே வரவில்லை. தையல்காரர் மட்டும் இருந்தார். 'என்னை ஞாபகம் இருக்கா? மணிக்கூண்டு பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

'ஞாபகம் இருக்கு டாக்டரம்மா. அன்னிக்கு என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம். எனக்கு நிக்கத் தெரியலைன்னு அப்பவே புரிஞ்சுது. அதுக்கப்புறம் கூட்டமா ஆடறதை விட்டுட்டேன், தனியாத்தான் ஆடறேன். நெருப்பு வந்தப்போ நீங்க ஒருத்தர்தான் எனக்குக் கவசம் குடுத்தீங்க. அதை நான் மறக்கல. நன்றி.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு திரையைத் தூக்கி அப்படியே அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் படித்தான். படித்து முடித்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே ஷட்டரை யாரோ தட்டினார்கள். "ஆறு மணி கிளாஸ்" என்று அவசரமாக எழுந்து கார் சாவியைத் தேடினான் அண்ணன். சாவி அவள் கையில் இருந்தது.

"உக்காரு."

அவள் குனிந்து ஷட்டருக்கு வெளியே போனாள். புதிதாகக் கற்க வந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயத்தோடு நின்றிருந்தார். "பத்து நிமிஷம் பொறுத்துக்குங்கம்மா. சார் ஒருத்தருக்கு முக்கியமா எழுத வேண்டியிருக்கு" என்று அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

அண்ணன் அவள் மேசையில் உட்கார்ந்திருந்தான். விரல்கள் விசைப்பலகையின் மேல் சும்மா கிடந்தன.

"என்னன்னு எழுதறது பாப்பா?"

"அன்னிக்கு நீ எங்க நின்னியோ, அதை எழுது" என்றாள் அவள்.